பிறந்த தேதியும் பிறப்பும்

(சதுரங்கப்பட்டினத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'வெளிநாட்டில் படிக்கும்போது வரும் பிறந்தநாள்'. ஏம்பா இப்படி ஒரு தலைப்புன்னு மாணவர்களைக் கேட்டேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ரெண்டு மூணு பேர் இப்ப வெளிநாட்டுல படிக்கிறாங்க. அங்க இருபத்தஞ்சாவது பிறந்தநாளைக் கொண்டாடின படத்தை ஊருக்கு அனுப்புறாங்க. அதைப் பார்த்து ஒரு தரப்பு சந்தோஷப்படுது. இன்னொரு தரப்பு 'போனவன் நம்மள மறந்துட்டான், கேக் வெட்டுறான்'னு முணுமுணுக்குது. எது சரின்னு நான் தீர்ப்புச் சொல்லணுமாம். தீர்ப்புச் சொல்ல நான் என்ன நாட்டாமையா? ஆனால் 1916ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, நியூயார்க் நகரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவருக்கு இருபத்தைந்து வயது நிரம்பியது. அவரைப் பற்றிப் பேசலாம். யார்னு சொல்ல வேண்டியதில்லை.

அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக் கணக்கைப் பார்த்துடுவோம். இங்க இருக்கிற வயசான அம்மாக்கள்ல எத்தனை பேருக்குப் பிறந்த தேதி தெரியும்? பெரிய புயல் அடிச்ச வருஷம், ஏரி உடைஞ்ச வருஷம், நடவுக்கு ஆள் எடுத்த மாசம் – இப்படித்தான் நம்ம சனங்களோட வயசு இருந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வாங்க. தொட்டுட்டா அஞ்சு வயசு. உடனே பேரேட்டுல ஜூன் மாசம் ஒரு தேதி. என் சான்றிதழில் இருப்பதும் அப்படி ஒரு வாத்தியார் போட்ட தேதிதான். என் தெருவில் என்னோட சேர்ந்த ஏழு பேருக்கும் அதே தேதி. ஏழு தாய்மார்கள் பேசி வெச்சிக்கிட்டு ஒரே நாள்ல பெத்தாங்களா என்ன?

சிரிக்கிறீங்க. ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. நாள், நட்சத்திரம், நாழிகை என்று ஜாதகம் கணித்து வைத்திருந்த வீடுகள் இதே ஊரில் இருந்தன. பக்கத்திலேயே டச்சுக்காரன் கோட்டை இருக்கிறது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற கல்லறைகளில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டில் செத்துப்போன வெள்ளைக்காரர்களுக்குப் பெயரும் தேதியும் பூவேலையோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவனுக்கும், இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறிய துணிக்கு நூல் நூற்றவளுக்கும் பிறந்த தேதியும் இல்லை, இறந்த தேதியும் இல்லை. எவனுடைய பிறப்பு கணக்கில் வருகிறது, எவனுடையது வரவில்லை என்பதில் ஒரு சமூகத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

நம்ம சனங்களைப் பற்றி அரசாங்கம் முதன்முதலில் கொஞ்சம் கண்ணைத் திறந்து எழுதியது எப்போது? 1891 அக்டோபரில். அப்போது செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பில் இருந்த கலெக்டர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை குறித்து ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் தயவில் இருந்ததையும், பண்ணையாள் முறையையும், நிலம் கேட்டு மனுப்போட்டால் எப்படித் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதையும் எழுதினார். அதன் விளைவுதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை, அதாவது பஞ்சமி நிலம். அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டவர்கள் மேல்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் விழுந்தார்கள். இங்கே பலருக்கு அது நேரில் பார்த்த கதை. நான் சொல்ல வந்தது இதுதான்: திரமென்ஹீர் அந்த அறிக்கையை எழுதிய அதே 1891இல், ஏப்ரல் 14ஆம் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற படைமுகாமில் சுபேதார் ராம்ஜிக்குப் பீமாபாயிடம் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர்தான் இருபத்தைந்து வருஷம் கழித்து நியூயார்க்கில் இருந்தார்.

எப்படிப் போனார்? சொந்தக் காசில் போகவில்லை. 1913 பிப்ரவரியில் அப்பா இறந்துவிட்டார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. சும்மா இல்லை. படித்து முடித்து வந்து பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று 1913 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பலேறினார். ஜூலையில் நியூயார்க் சேர்ந்தார். முதலில் ஹார்ட்லி ஹால் விடுதி. பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறை. அந்த நட்பு கடைசிவரை நின்றது, பின்னாளில் பணமுடை வந்தபோதெல்லாம் பதேனாதான் கைகொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிமேல் உட்கார்ந்த பையன் அவர். பியூன் வராத அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். அந்தப் பையன் இப்போது ஒரு மேசையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். யாரும் எழுந்து போகவில்லை. அஞ்சு வருஷ வெளிநாட்டு வாழ்க்கையில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனசிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நம்ம பிள்ளைகள் கேக் வெட்டுகிற படத்தைப் பார்த்து முணுமுணுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். சுத்தி நிக்கிற பத்துப் பேர் கைதட்ட, அதுல ஒருத்தன் நம்ம கையால ஒரு துண்டு வாங்கி வாயில போட்டுக்கிறான். தொட்டதுக்காகத் தலைமுழுகாதவன் நடுவுல நின்னு ஒரு நாள் சிரிச்சா என்ன தப்பு? எங்க அம்மாவெல்லாம் டீக்கடையில் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடிச்சவங்க.

அதுக்காக அமெரிக்காவைச் சொர்க்கம்னு நான் சொல்லலை. கொலம்பியாவை ஒட்டித்தான் ஹார்லெம் இருக்கு. பாபாசாகேப் அங்கே படித்த அதே 1916 மே 15ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற பதினேழு வயது கறுப்பினப் பையனை நீதிமன்றத்திலிருந்து இழுத்துவந்து, ஆயிரக்கணக்கான பேர் கூடி வேடிக்கை பார்க்க, உயிரோடு எரித்தார்கள். ஒரு நாடு ஒருத்தனுக்கு மேசையில் இடம் கொடுக்கும், இன்னொருத்தனுக்கு விறகு அடுக்கும். முப்பது வருஷம் கழித்து, 1946இல், பாபாசாகேப் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதியதும், அவர் அனுதாபத்தோடு பதில் போட்டதும் நமக்குத் தெரியும்.

சரி, படிப்புக்கு வருவோம். கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இருக்கிறது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மூணு வருஷத்தில் இவ்வளவு. பட்டம் வாங்க இத்தனை தேவையே இல்லை. பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டில் மிச்சம் பிடித்து, பழைய புத்தகக் கடைகளில் சுமார் இரண்டாயிரம் புத்தகம் வாங்கினார். அதே சமயம் லாலா லஜபதிராய் நியூயார்க்கில் இருந்தார். இந்திய மாணவர்களை அரசியலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இவர் போகவில்லை. படிக்க வந்தேன், முதலில் படிப்பு என்று இருந்துவிட்டார். இதைப் பிடித்துக்கொண்டு 'அப்பவே தேசபக்தி இல்லை' என்று எழுதுகிற ஆட்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இருபத்தைந்து வயது நிரம்பி இருபத்தைந்தாவது நாள், 1916 மே 9, செவ்வாய்க்கிழமை. மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படித்தார். 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி' என்பது தலைப்பு. அடுத்த வருஷம் மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சானது. பிறந்தநாளுக்கு அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு அதுதான் என்று நான் சொல்வேன். பிறந்தநாள் கொண்டாட வேண்டிய வயசில் இவர் பிறப்பையே எடுத்து மேசைமேல் போட்டு அறுத்துப் பார்த்திருக்கிறார். எந்தப் பிறப்பால் நான் கோணிமேல் உட்கார்ந்தேன், அந்தப் பிறப்பு எப்படித் தயாரானது, அதைத் தயாரிக்கிற யந்திரம் எது என்பதுதான் கேள்வி. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டுரையில் அவர் தன் கதையை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கண்ணீர் இல்லை, புலம்பல் இல்லை. தீண்டாமைக்கேகூட அதில் இடம் குறைவு. அவர் தேடியது சாதியின் ஆணிவேரை.

அதுவரை சாதியைப் பற்றி எழுதிய வெள்ளைக்கார அறிஞர்கள் செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி ஆகியோரை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கிறார். அமெரிக்காவிலேயே படித்த கேட்கர் என்ற மராட்டியரையும் விடவில்லை. தீட்டு என்பான் ஒருவன், தொழில் என்பான் ஒருவன், இனம் என்பான் ஒருவன். இவர் சொன்னார்: இதெல்லாம் இலை, கிளை. வேர் ஒன்றுதான். சாதிக்குள்ளேயே கல்யாணம், அகமணமுறை. அதைக் காப்பாற்றிவிட்டால் சாதி காப்பாற்றப்பட்டுவிடும். அதை உடைத்தால் சாதி நிற்காது.

இதைக் கொஞ்சம் விளக்கணும். தாய்மார்கள் கேளுங்க. ஒரு கூட்டம் கதவைச் சாத்திக்கிட்டு 'எங்களுக்குள்ளதான் பொண்ணு கொடுப்போம், எடுப்போம்'னு முடிவு பண்ணுதுன்னு வையுங்க. உள்ளே ஆணும் பெண்ணும் சமமா இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். புருஷன் செத்துட்டா? ஒரு பெண் கூடுதலா நிக்கிறா. அவ வெளியில போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா கதவு உடைஞ்சிடும். உள்ளேயே இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டா இன்னொரு பெண்ணுக்கு மாப்பிள்ளை குறையும். அப்ப அவளை என்ன பண்றது? புருஷன் சிதையிலேயே ஏத்திடு. அது முடியலைன்னா தலையை மழிச்சு மூலையில உட்கார வை. சரி, பொண்டாட்டி செத்த ஆம்பளை? அவனை எரிக்க முடியாது, ஏன்னா ஆம்பளை. சாமியாராப் போன்னா அதுவும் எல்லோருக்கும் ஆகாது. அப்ப அவனுக்கு இன்னும் கல்யாண வயசு வராத குழந்தையைக் கட்டி வை. உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தைக் கல்யாணம் – இந்த மூணையும் கற்பு என்றும் புனிதம் என்றும் பாடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில், இருபத்தைந்து வயசுப் பையன் எழுந்து நின்று, ஐயா, இது ஆள் கணக்குச் சரிபண்ணுகிற வேலை என்றார். முதலில் வழக்கம் வந்தது, அதற்கு மெருகு பூசத்தான் தத்துவம் வந்தது என்றார்.

பெண்ணைக் கட்டிப்போடாமல் சாதியைக் கட்டிப்போட முடியாது. இது 1916லயே சொல்லப்பட்டுவிட்டது. நம்ம இயக்கத்திலேயே 'பெண் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்' என்று பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் சாதி எப்படிப் பரவியது? மனு என்று ஒருத்தன் உட்கார்ந்து சட்டம் போட்டுச் சாதியை உண்டாக்கிவிடவில்லை. இருந்ததற்கு அவன் விதி எழுதினான், அவ்வளவுதான். முதலில் பிராமண வகுப்பு கதவைச் சாத்திக்கொண்டது. மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் தானும் சாத்திக்கொண்டான். சிலர் தாங்களாகவே சாத்தினார்கள், மற்றவர்கள் எதிரே கதவு சாத்தியிருப்பதைக் கண்டார்கள். அதனால் சாதி என்று ஒருமையில் ஒன்று கிடையாது, சாதிகள் என்று பன்மையில்தான் உண்டு என்கிறார். இதை நமக்குள்ளேயும் பொருத்திப் பார்க்கணும். நம்ம மூணு பெரிய பிரிவுக்குள்ள எத்தனை கல்யாணம் நடக்குது? சக்கிலியர் வீட்டுல பொண்ணு எடுத்த பறையர் எத்தனை பேர், பள்ளர் எத்தனை பேர்? மேடையில ஒண்ணா உட்கார்றோம். பந்தியில, பந்தல்ல?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் பக்கம் பட்டப்பகலில் சங்கர் என்ற பொறியியல் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவர் பிழைத்து வந்து சாட்சி சொன்னார். குற்றம் என்ன? கதவைத் திறந்தது. அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டு நூறு வருஷம் நிறைவதற்கு அப்போது எட்டு வாரம்தான் பாக்கி. சங்கருக்கு வயது இருபத்திரண்டு. இருபத்தைந்தாவது பிறந்தநாளை அவர் பார்க்கவே இல்லை.

நியூயார்க்கில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது பம்பாய்ப் பரேல் பகுதியில் ஒரு குடியிருப்பில் இருந்த பெண்ணைப் பற்றியும் பேசணும். ரமாபாய்க்கு அப்போது பதினெட்டு வயசு. கையில் குழந்தை யஷ்வந்த். பெற்ற ஐந்து பிள்ளைகளில் அந்த ஒன்றுதான் தங்கியது. நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். கணவர் கடல் கடந்து பொருளாதாரம் படிக்கிறார், இவர் இங்கே ஒரு ரூபாயை எப்படி நாலு நாளைக்கு நீட்டுவது என்ற பொருளாதாரத்தை நடத்துகிறார். நண்பர்கள் இல்லாத அந்த வறுமைக் காலத்தில் தன்னோடு சேர்ந்து துன்பப்பட்டதை நினைத்து, அவர் இறந்தபின் பாகிஸ்தான் பற்றிய புத்தகத்தைப் பாபாசாகேப் அவருக்குக் காணிக்கையாக்கினார். நியூயார்க் போய் இறங்கிய சில வாரத்திலேயே அப்பாவின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் படிக்கவைத்தால்தான் நம் முன்னேற்றம் வேகப்படும் என்று எழுதியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் ஒருவர் படிக்கப் போனால், அவர் படத்தைப் பெரிதாகப் போடுகிறோம். அனுப்பிவிட்டு இங்கே சித்தாள் வேலைக்கும் அணுமின் நிலையத்து ஒப்பந்த வேலைக்கும் போகிற அம்மா, அக்கா, பொண்டாட்டி படத்தைப் போடுவதில்லை.

இருபத்தாறாவது பிறந்தநாள் லண்டனில். 1916 கடைசியில் அங்கே போய்ப் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்திருந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தது, திரும்பி வா என்றது பரோடா. 1917 ஆகஸ்டில் வந்தார். உலகப்போர் நேரம். சாமான்கள் தனிக் கப்பலில் வந்தன; அதை மூழ்கடித்துவிட்டார்கள். அதற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டுப் பணத்தில்தான் பரோடாவுக்கே போனார் என்கிறார்கள். ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஒரே கேள்வி, எங்கே தங்குவது? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதருக்கு ஒரு அறை இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிவு செய்து, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். மாடியில் தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்த பெரிய இருட்டுக் கூடம். ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. அதில் படித்தே பொழுதைக் கழித்தார். பதினொன்றாவது நாள் காலை அலுவலகம் கிளம்பும்போது, பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு மாடியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு. இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர் என்று கேட்டுப் பார்த்தார். இருவரும் நழுவினார்கள். கமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இந்து மட்டுமல்ல, பார்சிக்கும் நாம் தீண்டத்தகாதவன்தான் என்று அன்று தெரிந்தது என்கிறார். சாதி பற்றிக் கட்டுரை படித்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. எழுதிய கட்டுரை தடியோடு மாடியேறி வந்து நின்றது.

அப்புறமும் அந்த மனிதர் திரும்பப் போனார் பாருங்க, அதுதான் விஷயம். கொஞ்சம் சொந்தச் சேமிப்பு, கொஞ்சம் கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா உதவி, கொஞ்சம் பதேனாவிடம் கடன். 1920இல் மறுபடி லண்டன். முப்பதாவது பிறந்தநாள் 1921 ஏப்ரல் 14, வியாழக்கிழமை, அங்கேதான். காலையில் கொஞ்சம் ரொட்டி, தேநீர். பிரிட்டிஷ் மியூசிய நூலகம் திறக்கும்போது உள்ளே போய், மூடும்போது வெளியே வருவது. மதியச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. இரண்டு மாதத்தில், அந்த ஜூனில், எம்.எஸ்சி. பட்டம். 1922இல் பாரிஸ்டர். 1923இல் ரூபாய் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. அவர் குடியிருந்த கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவில்லமாக்கியிருக்கிறது. லண்டன் போகிற பிள்ளைகள் போய்ப் பாருங்க. அதே லண்டனுக்கு 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அவரோடு போனவர் நம்ம மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் என்பதையும், அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்ப இன்றைக்கு வருவோம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினருக்கும் சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கும் நிலமற்ற கூலிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆனது. வருஷத்துக்கு 125 இடம். நூற்றிருபத்தைந்துதான், இந்த நாடு முழுக்க! 2022இல் அதன் விதிகளில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு – இந்தத் தலைப்புகளில் படிக்கப் போகிறவர்களுக்குப் பணம் கிடையாது. இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு, இங்கேயே படிக்கலாமே என்பது அவர்கள் சொன்ன சமாதானம்.

கொலம்பியாவில் பாபாசாகேப் எழுதியவற்றை எடுத்துப் பாருங்கள். பண்டைய இந்திய வாணிகம், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகம், இந்தியாவின் தேசிய வருமானம், இந்தியாவில் சாதிகள். லண்டனில் எழுதியது ரூபாய். ஒன்றுகூட இந்த விதியில் தேறாமல் போய்விடும் போலிருக்கிறது! அம்பேத்கரே மனுப் போட்டிருந்தாலும் நிராகரிப்புக் கடிதம்தான். நம் பிள்ளைகள் கணினி படிக்கலாம், மருந்து படிக்கலாம், மகிழ்ச்சி. தன்னை ஏன் கோணிமேல் உட்காரவைத்தார்கள் என்று மட்டும் படிக்கக் கூடாது. அங்கே போய் அதைப் படித்தால்தான் இங்கே யார் தலையீடும் இல்லாமல் கேள்வி கேட்க முடியும் என்பது விதி எழுதினவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மிச்சம் 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்ப்போம் என்றார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

பணம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவுக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை 2015 ஜூலையோடு நின்றது. 2016 ஜனவரி 17இல் இறந்தார். ஜனவரி 30 அவர் பிறந்தநாள். பதிமூன்று நாள் கழித்து அவருடைய இருபத்தேழாவது பிறந்தநாளை நண்பர்கள் அவர் இல்லாமல் மெழுகுவத்தி ஏற்றி நடத்தினார்கள்.

வெளிநாடு போய்விட்டால் சாதி விட்டுவிடும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்துக்கள் உலகின் வேறு பாகங்களுக்குக் குடியேறினால் சாதி உலகப் பிரச்சினையாகிவிடும் என்று கேட்கர் சொன்னதை 1916 கட்டுரையிலேயே பாபாசாகேப் எடுத்துக்காட்டியிருக்கிறார். 2023 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே வருஷம் கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். எதிர்த்து வேலை செய்தவர்கள் யார்? நம்ம நாட்டிலிருந்து போனவர்கள்தான். பிறந்தநாள் விருந்திலேயே ஆரம்பிக்கும். சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? வீட்டுல கறி எதெது சாப்பிடுவீங்க? கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். பதிலை நீங்கள் இங்கேயே தயாரித்துக்கொண்டு போகணும். மறைக்கிறதா, சொல்றதா என்பது அவரவர் முடிவு. மறைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், பரோடாவில் பார்சிப் பெயர் எழுதியவரின் பிள்ளைகள் நாம்.

கடைசியா நம்ம கொண்டாட்டத்தைப் பத்தி. ஏப்ரல் 14ஐத் தமிழ்நாடு அரசு 2022 முதல் சமத்துவ நாளாக அனுசரிக்கிறது. ஐந்தாளுயர பேனர் வைக்கிறோம், அதில் அண்ணல் படம் தபால்தலை அளவு, நம்ம உள்ளூர்த் தலைவர் படம் ஆளுயரம். 1947இல் பிறந்தநாள் மலருக்கு அவரிடம் செய்தி கேட்டார்கள். பிறந்தநாள் கொண்டாடுவது எனக்குப் பிடிக்காது, ஆளை வணங்குவது ஜனநாயகத்தின் சீர்கேடு என்று அந்தச் செய்தியிலேயே எழுதி அனுப்பினார். வாங்கினவர்கள் அதையும் மலரில் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

என்னிடம் கேட்ட மாணவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற தம்பி கேக் வெட்டட்டும், நாலு படம் கூடுதலாகவே அனுப்பட்டும். வெட்டி முடித்ததும் கொலம்பியாவில் படித்த அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். சின்னக் கட்டுரைதான், தமிழிலும் இருக்கிறது. இங்கே இருக்கிற நாமும் படிப்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கலாம், தாய்மார்கள் கட்டாயம் வரணும். இந்த வருஷம் விண்ணப்பம் போடப்போகிற பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்று மூணையும் எடுத்துட்டு வாங்க. வாத்தியார் போட்ட தேதி ஒண்ணு, ஆஸ்பத்திரி தேதி ஒண்ணுன்னு இருந்தா பாஸ்போர்ட்டுல நிறுத்திடுவாங்க. அதை எப்படித் திருத்தறதுன்னு தெரிஞ்ச தோழர் ஒருத்தர் அன்னைக்கு வர்றார். இப்ப கேள்வி இருந்தா கேளுங்க.